மனாஸுக்கு ரயில் கிடையாது

சுந்தரராஜன் அட்லஸின் மேல் ஸ்கேலை வைத்து பிரேசிலை அளந்துகொண்டிருந்தான். 1971 ஜனவரி, ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஜெர்மனியின் பான் நகரத்தில் நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. சமையலறை மேஜையின் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறு ஊறிக்கொண்டிருந்தது. மீதி இடம் முழுக்கத் தென் அமெரிக்கா. பிரேசில் நல்ல பெரிய நாடுதான். இந்தியாவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இன்னும் ஒன்றரை இந்தியாவுக்கு இடம் மிச்சமிருக்கும். அதற்கெல்லாம் சுந்தரராஜன் மலைத்துவிடவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரின் மகன் அவன். ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது உலோக இயற்பியல் என்றாலும் உடம்பில் ஓடுவது ரயில்வே ரத்தம். நாடு பெரிதென்றால் ரயில் கொஞ்சம் நீளமாக ஓடும், அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

பிரேசிலுக்குப் போக வேண்டியது அவனல்ல, அவன் மனைவி பாமா. சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவள். கணவனுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து வந்த இடத்தில், சும்மா வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்காமல், பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு நடையாய் நடந்து, பேராசிரியர் லேனர்ட்டிடம் தானே பேசி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்டது ஆகாயத்தாமரை. நம் ஊர் ஏரியையும் குளத்தையும் மூச்சுத் திணற வைக்கிற அந்தச் செடிக்குச் சொந்த ஊர் அமேசான். அங்கே அது பூத்துக் குலுங்கி, அளவோடு அடங்கிக் கிடக்கிறது. கடல் தாண்டி வந்ததும் ஏன் இப்படிப் பேயாட்டம் ஆடுகிறது என்பதுதான் பாமாவின் கேள்வி. பூச்சி அடக்குகிறதா, வெள்ளம் அடக்குகிறதா? அதன் சொந்த ஊரிலேயே போய்ப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒருவரை மட்டும் அனுப்பத் துறையில் வழி இருந்தது. பாமா போக வேண்டும், அல்லது அவளோடு வேலை செய்யும் டாக்டர் ரூடிகர் போக வேண்டும். ரூடிகர் போனால் அவன் பறித்து, அழுத்தி, காயவைத்துக் கொண்டு வருகிற இலைகளை வைத்துத்தான் அவள் ஆராய்ச்சியை முடித்தாக வேண்டும். பேராசிரியர் இரண்டு பேரிடமும் பயணத் திட்டம் கேட்டிருந்தார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எதில் போவது, எங்கே படுப்பது, எல்லாம் எழுதித் தர வேண்டும்.

"செடி சமாச்சாரத்தை நீ பாரு. ரூட்டை எங்கிட்ட விட்டுடு" என்று சுந்தரராஜன்தான் வலியப்போய் வாங்கிக்கொண்டான்.

அவன் போட்ட திட்டம் பார்வைக்கு அருமையாக இருந்தது. பிராங்பேர்ட்டிலிருந்து ரியோவுக்கு விமானம். ரியோவிலிருந்து சாவோ பாலோ, அங்கிருந்து மேற்கே கொரும்பா சதுப்பு நிலம், ரயில். திரும்பி வந்து வடக்கே பெலேம் துறைமுகத்துக்கு ரயில். பெலேமிலிருந்து அமேசான் கரையோடு மனாஸுக்கு ரயில். வரைபடத்தில் தூரத்தை அளந்தான். சென்னையிலிருந்து டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸின் வேகத்தால் வகுத்தான். வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கவும் இட்லி வாங்கவும் கொஞ்சம் நேரம் கூட்டிக்கொண்டான். பெலேமிலிருந்து மனாஸ் இரண்டு ராத்திரி என்று கணக்கு வந்தது. அப்படி ஒரு தண்டவாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என அவனுக்குத் தோன்றவே இல்லை. பட்டணம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள். ரயில் இல்லாமல் எங்கே போகும்? கார்பன் வைத்து டைப் அடித்து நீட்டினான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணைக் கொடுத்துவிட்டுச் சோர்ந்து வந்திருந்த பாமா ஒரு முறை புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ரயில் விஷயத்தில் அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"மனாஸுக்கு ரயில் கிடையாதாங்க."

"கிடையாதா? வேற கேஜா இருக்கும். மாறிப் போகணும்."

"கேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெலேமுக்கும் கிடையாது. ரியோலேருந்து வடக்க அவ்வளவு தூரத்துக்கு ரயிலே கிடையாது. நம்ம பிளான்ல நெஜமான ரயில்னா தெக்குல ஓடறதும் கொரும்பா போறதும்தான்."

பேராசிரியர் பென்சிலால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். சுந்தரராஜன் என்ற பெயரை உடைக்காமல் சொல்ல ஒரு மாதம் பழகிய மனிதர் அவர். அன்றைக்கும், திருமதிக்கு ஜெர்மனில் சொல்கிற ஃப்ராவைச் சேர்த்து முழுதாகச் சொல்லி, "ஃப்ராவ் சுந்தரராஜன், இந்த ரயிலின் பெயர் என்னவென்று தெரிந்தால் நானும் ஒரு முறை ஏறிப் பார்ப்பேன்" என்றாராம். யாரும் சிரிக்கவில்லை. ரூடிகர் மட்டும் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் மரியாதை என்று பாமாவுக்குப் புரிந்தது. ரூடிகரின் திட்டம் ஒழுங்காக இருந்தது: எல்லா இடத்துக்கும் விமானம், மனாஸில் இறங்கி ஆற்றோட்டத்தோடு படகில் கீழே வருவது. கடைசியில் பேராசிரியர், "அந்த நாட்டில் ஒரு மனிதர் உண்மையில் எப்படி நடமாடுகிறார் என்று அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் பேசலாம். இல்லையென்றால் ரூடிகர் போகட்டும்" என்று முடித்துவிட்டாராம்.

சுந்தரராஜனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காதெல்லாம் சுட்டது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது முணுமுணுத்திருக்கலாம். அவளோ ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே நான் வந்து புரொபசர்கிட்ட சொல்லிடறேன் பாமா. மிஸ்டேக் என்னோடது."

"மிஸ்டேக் உங்களோடதுதான். கையெழுத்து என்னோடது. புருஷன் போட்டுக் கொடுத்தாரு, நான் பாக்காம நீட்டினேன்னு போய்ச் சொன்னா, அடுத்த நிமிஷம் ரூடிகருக்கு டிக்கெட் போட்டுடுவாரு." புளிச்சக்கையைப் பிழிந்து போட்டாள். "நீங்க அந்த மேப்பை மட்டும் குடுங்க."

அந்த நிமிஷம் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். இவ்வளவு பெரிய அடி வாங்கிவிட்டு இப்படி நிதானமாக நிற்கத் தன்னால் முடியுமா என்று யோசித்தான். முடியாது என்றுதான் பட்டது.

மறுநாள் அவள் பிரேசில் தூதரகத்துக்குப் போய்க் கையில் கிடைத்த பயணப் பிரசுரங்களையெல்லாம் வாங்கி வந்தாள். அத்தனையும் போர்ச்சுகீஸ். பரவாயில்லை, மேல் மாடியில் ஒரு போர்ச்சுகீஸ்காரி இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது. வீட்டுக்காரம்மா ஃப்ராவ் கெஸ்லர் அவளை அப்படித்தான் சொல்வாள். மருந்தியல் படிக்கிற பெண், பெயர் லூசியா. பாமா வற்றல் மிளகாய் வறுக்கிற நாட்களில் மாடிப்படியில் இருமிக்கொண்டே இறங்கிப் போவாள். ஆறு மாதமாகப் பழக்கம் அவ்வளவுதான். பாமா பிரசுரங்களோடு மேலே ஏறிப்போனாள். அரைமணி நேரம் கழித்து, கீழே இருந்த சுந்தரராஜனுக்கு இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. லூசியா போர்ச்சுகல்லைக் கண்ணால் கண்டதுகூட இல்லை. அவள் பெலேம்காரி. அவளுடைய மாமா ஒருவர் இன்றைக்கும் மனாஸுக்குப் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலேயே ஊர் குடியிருக்க, சுந்தரராஜன் கீழே உட்கார்ந்து ஸ்கேலால் அளந்திருக்கிறான்!

அன்றிலிருந்து சாயங்காலமானால் லூசியா அவர்கள் சமையலறைக்கு வந்துவிடுவாள். அட்லஸ் தரையில் விரிந்துவிடும். மூவருக்கும் பொதுவாக இருந்தது ஜெர்மன் ஒன்றுதான், அதிலும் மூன்று பேரும் மூன்று விதமாகத் தப்புப் பண்ணினார்கள். காபி போடுவது சுந்தரராஜனின் வேலையாயிற்று. முதல் நாள் அவன் வாயைத் திறந்து கேட்டது ஒரே கேள்வி.

"படகு பெலேமிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"நிறைந்ததும்" என்றாள் லூசியா.

"எப்போது நிறையும்?"

"கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்."

டைம்டேபிளை மனப்பாடம் பண்ணி வளர்ந்தவனுக்கு அது ஒரு நல்ல குத்து. ஆனால் அவள் சொல்லச் சொல்ல, அவனுக்குள் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் மகன் மெல்ல மெல்ல இடம் விட்டுக் கொடுத்தான். ஒரு ராத்திரி முழுக்க, மறுநாள் முழுக்க, அதற்கடுத்த ராத்திரியும் ஓடுகிற பஸ்கள். பின்னால் சாய்கிற இருக்கையில் ஜனங்கள் தலையணையோடு ஏறுகிறார்கள், வழியில் டிரைவர்கள் மாறிக்கொள்கிறார்கள். புதிய தலைநகரம் பிரேசிலியாவிலிருந்து காட்டைப் பிளந்துகொண்டு பெலேம் வரைக்கும் போட்ட செம்மண் சாலை. மழையில் அதில் லாரிகள் நாள்கணக்கில் புதைந்து நிற்கும், மழை ஓய்ந்தால் பஸ் பறக்கும். ஓடுபாதை இல்லாத ஊர்களில் ஆற்றின்மேலேயே வந்து இறங்கிய பழைய விமானங்கள். அவற்றின் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்தை விட்டு எல்லோரும் கரைக்கு ஓடுவார்களாம். தண்டவாளம் இல்லாமலேயே இவ்வளவு பெரிய நாடு இப்படி நடமாடிக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு வியப்புத் தாங்கவில்லை. அதை வாய்விட்டே சொன்னான். லூசியாவுக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. "எங்கள் ஊரில் ஒரு பயணத்துக்கு முன்னால் மூன்று விஷயம் கேட்போம். சாலை இருக்கிறதா, மழை பெய்கிறதா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு" என்றாள்.

படகில் கட்டில் கிடையாது, அவரவர் துணித் தொட்டிலை அவரவர் கொண்டுபோய் மேல்தட்டில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவள் சொன்னபோது பாமா, "அட, நம்ம தூளிங்க!" என்றாள். லூசியா தன் மாடி அறையிலும் உத்தரத்தில் அப்படி ஒன்று கட்டித்தான் தூங்குகிறாளாம். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். மறுநாள் மத்தியானம் பாமா மேலே போய் அதில் படுத்துப் பழகிவிட்டு வந்தாள். நீளவாக்கில் படுத்தால் முதுகு வளைந்துபோகும், குறுக்கே சாய்ந்து படுத்தால் தரையில் படுத்த மாதிரி நேராக இருக்கும் என்று கண்டுபிடித்துவிட்டு வந்திருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. லூசியா தன் மாமாவைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே ஏறும்போது மாமா நடு ஆற்றுக்கே வரமாட்டாராம். அங்கே ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கும். கரையை உரசிக்கொண்டே போவார், வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியும். இறங்கும்போது நடு ஆற்றில் விட்டு ஓட்டத்தோடு வந்துவிடுவார், கரை கண்ணுக்கே தெரியாது. இதைச் சும்மா ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். பாமாவின் பென்சில் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு லூசியா" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் சுந்தரராஜனை ரைன் நதிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலும்பை ஊடுருவுகிற குளிர். வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று விறுவிறுவென்று நடந்தாள். சரக்குப் படகு ஒன்று ஓட்டத்தை எதிர்த்து, கரைக்குப் பக்கமாகத் திணறித் திணறி ஏறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கொடியில் துணி காய்ந்தது, அல்லது உறைந்தது. ஒரு நாய் இவர்களைப் பார்த்துக் குரைத்தது. அதே சமயம் நடு ஆற்றில் இன்னொன்று கீழ்நோக்கிச் சர்ரென்று போய்விட்டது.

"கீழ போச்சே, அதோட பேரைப் படிச்சீங்களா?"

"எங்க படிக்கிறது? அதுக்குள்ள போயிடுச்சே."

"மேல போறது?"

"நாய்க்கு ஒரு காது மடிஞ்சிருக்கு. அதுகூடத் தெரியுது."

"அவ்வளவுதாங்க." குளிரில் மூக்கு சிவந்திருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. "ஆகாயத்தாமரை எங்க இருக்கும்? கரையோரம், ஓட்டம் இல்லாத எடத்துல. வெள்ளம் ஏறும்போது பிச்சுக்கிட்டுக் கூட்டம் கூட்டமா மெதந்து வரும். ரூடிகர் மனாஸ் வரைக்கும் பறந்து போயி, படகுல நடு ஆத்துல எறங்குவான். ஒரு செடி கண்ணுல படாது. நான் கீழேருந்து ஏறி, கரையை ஒட்டியே போவேன், எதிர்த்தாப்ல எல்லாம் எங்கிட்டயே வரும். படகு நிக்கிற எடமெல்லாம் எறங்கிப் பறிக்கலாம். மெதுவா போறதுதாங்க நமக்கு வேணும். திரும்பறதுக்கு பிளேன் பிடிச்சா போதும்."

சுந்தரராஜன் மேலே ஏறும் படகையே பார்த்தான். பயணம் என்றால் வேலை இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவது என்றுதான் அவன், ரூடிகர், பேராசிரியர் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவளோ போகிற வழியையே வேலையாக்கிவிட்டாள். அவன் போட்ட தப்புத் திட்டம் மட்டும் சரியாக இருந்திருந்தால் இவள் ரயில் ஜன்னலோரம் இரண்டு ராத்திரி தூங்கிவிட்டு மனாஸில் இறங்கியிருப்பாள். பெண்டாட்டியை நினைத்து அவனுக்கு அப்படி ஒரு பெருமை பொங்கியது. அதோடு கூடவே, எங்கிருந்தோ ஒரு பயமும் வந்தது. முன்பின் தெரியாத மனிதர்கள் சூழ, கரை காணாத ஆற்றில், பேச்சுப் புரியாத ஊரில் இவள் தனியாக இருப்பாள்; இவன் இங்கே தனக்கு மட்டும் சோறு வடித்துக்கொண்டு கிடப்பான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பிரேசிலைப் பற்றிச் சொல்லும்போது 'போனா' என்பது போய் 'போவேன்' என்று ஆகிவிட்டதை அவன் கவனித்திருந்தான்.

"பூட்ஸ் வாங்கணும் உனக்கு. தண்ணி உள்ள போகாத பூட்ஸ்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பனி கொட்டியது. கூட்டம் பேராசிரியரின் அறையில் இல்லை. அவருக்குக் கணுக்கால் வலி, தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் வெதுவெதுப்பாக உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லிவிட்டார். சுந்தரராஜன் ஆய்வுக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு நடந்துவந்தான். வாசலில் அவள் கோட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். கைத்தறிப் புடவை, அதன் மேல் ஸ்வெட்டர். தோளில் லூசியாவிடம் வாங்கிய ஒரு துணிப்பை புடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "கேள்வி வந்தா எடுப்பேன்" என்றாள்.

"நானும் உள்ள வரட்டுமா?"

"வேணாங்க. இங்கயே நில்லுங்க. நீங்க நிக்கிறீங்கன்னு தெரிஞ்சா போதும்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வெப்பநாட்டு மரங்களின் சூடு, வெளியே ஜெர்மனியின் பனி. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. பச்சையாக எதுவோ, கருப்பாக எதுவோ அசைந்தது. பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. முதலில் பேராசிரியர். பிறகு பாமா, வெகு நேரம் பாமா மட்டும். அவளுடைய ஜெர்மன் எங்கே தடுக்கும், எங்கே வேகம் எடுக்கும் என்று அவனுக்கு அத்துப்படி. அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே இப்போது சாலைக்கு வந்துவிட்டாள், இப்போது மழையைச் சொல்கிறாள், இப்போது ஆற்றில் ஏறுகிறாள் என்று கூடவே போய்க்கொண்டிருந்தான். பிறகு பேராசிரியரின் குரலில் சின்னதாக ஒரு கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. சுந்தரராஜன் அவளுடைய கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். என்ன கேட்டார்? எங்கே திக்கிவிட்டாள்? உள்ளே போய்விடலாமா என்று கால் ஒரு அடி எடுத்து வைத்தது. நில் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து நின்றான்.

இரும்பில் கயிறு உரசும் சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ பெரிதாக மூச்சு வாங்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூரையைத் தாங்கும் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் கனமான ஒரு உருண்டை தொங்கி மெதுவாக ஆடுவது மங்கலாகத் தெரிந்தது. பாமா அவ்வளவு பருமன் இல்லையே என்று அவன் குழம்பினான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவனுக்கு நேராக இருந்த கண்ணாடியை ஸ்வெட்டர் நுனியால் துடைத்தது. ரூடிகர். வெளியே நிற்பவனைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். ஒரு ஆள் பார்க்கிற அளவுக்கு வட்டமாகத் துடைத்துவிட்டு, தான் மறைக்காமல் தள்ளி நின்றுகொண்டான்.

துணிப்பையிலிருந்து வந்த கோடு போட்ட பருத்தித் தூளிக்குள் பேராசிரியர் லேனர்ட் கிடந்தார். படகில் எங்கே படுப்பீர்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். பழுப்பு ஷூ போட்ட ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்படி இல்லை, குறுக்கே, குறுக்கே என்று பாமா கையால் காட்டினாள். அந்தப் பெரிய உடம்பு ஒரு முறை புரண்டது, முதுகு நேரானது, அடுத்த கணம் அவர் முகத்தில் அப்படியே ஒரு நிம்மதி பரவியது. தலைக்குமேல் தென்னை ஓலைகளைப் பார்த்தபடி அவர் கிடந்தார். பாமா ஒரு கையில் அவருடைய மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மறு கையால் தூளியை மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினாள்.